மலையில் கல்யாணமா? மேக்கப் ஆர்டிஸ்டிடம் இதைக் கேளுங்கள்

தை மாதம் குன்னூரில் என் தங்கை கல்யாணம். விடிகாலை முகூர்த்தம். கீழே சமவெளியில் நல்ல பெயர் வாங்கிய ஒருவரைத்தான் வரச்சொன்னோம். வியர்வைக்குத் தாங்கும் மேட் ஃபவுண்டேஷன் போட்டுவிட்டார். தாலி கட்டும் நேரத்துக்குள் மூக்கோரமும் வாயோரமும் காய்ந்த குளத்து மண் மாதிரி வெடித்துவிட்டது. பாவம், பிள்ளை சிரிக்கவே பயந்தாள்.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். பனிக்காலத்தில் காற்று வறண்டு, தோல் இழுத்துப் பிடிக்கும். அதனால் ஆல்பத்தைப் பார்க்கும் முன், "குளிரில் மேக்கப் போட்டிருக்கிறீர்களா, முகத்தை எப்படித் தயார் செய்வீர்கள்?" என்று கேளுங்கள். மாய்ஸ்சரைசரை நன்றாக ஊறவிட்டு, அப்புறம் மெல்லிசாக ஃபவுண்டேஷன் என்று சொல்பவரை நம்பலாம்.

ட்ரையல் கட்டாயம். கோவையில் பார்த்தால் போதாது; மலைக்கு வரவழைத்து இங்கேயே காலைக் குளிரில் போட்டு, நாலு மணி நேரம் அப்படியே இருங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு படம், ஃபிளாஷில் ஒரு படம் எடுத்து, முகமும் கழுத்தும் ஒரே நிறமா என்று பாருங்கள். மாநிறத்தை வெளுப்பாக்கித் தருகிறேன் என்பவர் வேண்டவே வேண்டாம்.

சென்சிட்டிவ் தோலா? அவர் பயன்படுத்தும் கிரீமைக் காதுக்குப் பின்னால் தடவி ஒரு நாள் பாருங்கள்.

கீழிருந்து வருபவரை முந்தின நாளே மேலே வரவழைத்துத் தங்க வையுங்கள். மலைப்பாதையில் மூடுபனி இறங்கினால் வண்டி நகராது. வெளிமாவட்ட வண்டி நீலகிரிக்குள் வர இ-பாஸ் (ஆன்லைன் அனுமதி) எடுக்கச் சொல்லுங்கள். தங்கும் செலவு யாருடையது என்பதை முன்பணம் கொடுக்கும்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.