முதல் பூச்சிப் பெட்டியை டிஜிட்டல் ஆக்குவது எப்படி?

அருங்காட்சியகப் பூச்சிகளைக் கணினியில் ஏற்றப் போகிறேன் என்பவர்கள் எடுத்ததும் கேட்பது, “எந்த கேமரா வாங்கலாம்?” கேமரா பிறகு. முக்கியம், பூச்சிக்குக் கீழே அதே ஊசியில் குத்தியிருக்கும் சீட்டு. எங்கே, எப்போது, யார் பிடித்தது என்று தெரியாத பூச்சி, பரவல் ஆய்வுக்கு உதவாது.

படி 1: பெட்டியைப் பாருங்கள். பூச்சிக்கு அடியில் பொடி உதிர்ந்திருந்தால், காய்ந்த பூச்சிகளைத் தின்னும் அருங்காட்சியக வண்டின் புழு உள்ளே இருக்கலாம். உடனே மூடி, காப்பாளரிடம் சொல்லுங்கள். சிவப்புச் சீட்டு இருந்தால் அது பெரும்பாலும் வகை மாதிரி, அதாவது ஓர் இனத்துக்குப் பெயர் வைக்க ஆதாரமான மூலப் பூச்சி. புதியவர்கள் தொட வேண்டாம்.

படி 2: எண் கொடுங்கள். ஒரு பூச்சிக்கு ஒரே எண். அந்த எண்ணுள்ள க்யூஆர் சீட்டையும் அதே ஊசியில் சேர்க்க வேண்டும்.

படி 3: சீட்டைப் படமெடுங்கள். வளைந்த முனையுள்ள இடுக்கியால் ஊசியின் கீழ்ப்பகுதியைப் பிடியுங்கள். காய்ந்த உணர்கொம்பு லேசாகப் பட்டாலே ஒடிந்துவிடும். சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, அளவுகோலுடன் வைத்து, பின்பக்கத்தையும் எடுங்கள். திரும்பக் குத்தும்போது அதே வரிசை, அதே துளை.

படி 4: உள்ளபடி தட்டச்சு செய்யுங்கள். அவசரமே வேண்டாத இடம் இதுதான். எழுத்துப்பிழை, பழைய ஊர்ப்பெயர் எதையும் திருத்தாதீர்கள். உங்கள் விளக்கத்துக்கு விரிதாளில் தனி நெடுவரிசை. சீட்டில் 5.6.1921 என்றிருந்தால் ஜூன் 5-ஆ, மே 6-ஆ? அதே சேகரிப்பாளரின் மற்ற சீட்டுகளைத் தேடுங்கள். எங்காவது 23.6.1921 என்றிருந்தால், அவர் நாளை முதலில் எழுதுபவர். பிறகுதான் 1921-06-05 என்று பதியலாம். துப்பு கிடைக்கவில்லையா, ஆண்டை மட்டும் பதியுங்கள்.

படி 5: இடத்தைக் குறியுங்கள். வெறும் ஊர்ப்பெயருக்கு ஆறு தசம இலக்கத்தில் ஆயத்தொலைவு (அட்சரேகை, தீர்க்கரேகை) கொடுப்பது பொய்த்துல்லியம். ஒரு புள்ளி வைத்து, எத்தனை மீட்டர் வரை பிசகலாம் என்பதையும் எழுதுங்கள்.

படி 6: இப்போது கேமரா. மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று போதும். சிறு பூச்சி முழுதும் ஒரே படத்தில் தெளியாது. குவியத்தை நகர்த்திப் பல படங்கள் எடுத்து மென்பொருளில் இணைக்கலாம். இனங்காணப் பழகும் மாணவர்களுக்கு இவை நல்ல பாடப்பொருள், மாதிரியும் தேயாது.

படி 7: வெளியிடுங்கள். நெடுவரிசைகளுக்கு, உயிரினத் தரவுகளைப் பகிர்வதற்கான டார்வின் கோர் தரநிலையின் பெயர்களையே வைத்தால், உலக உயிரினப் பதிவுகளைத் திரட்டித் தரும் ஜிபிஃப் (GBIF) தளத்தில் ஏற்றுவது எளிது. திருடுபோகக்கூடிய அரிய இனங்களுக்குத் துல்லியமான இடத்தை மறைத்துவிடுங்கள். படத்தைப் பார்த்து ஒரு வல்லுநர் இனப்பெயரைத் திருத்தினால், பழைய பெயரை அழிக்காமல் புதியதை அவர் பெயருடனும் தேதியுடனும் சேருங்கள். ஊசியிலும் ஒரு சீட்டு ஏற வேண்டும்.