காற்றால் குளிரும் ரிஃப்ளெக்டர்: எது அதிக வெளிச்சம் தருகிறது என்று வீட்டிலேயே அளப்பது எப்படி

பல்புப் பெட்டியில் அச்சடித்திருக்கும் லுமென் கணக்கு, அதாவது மொத்த வெளிச்சத்தின் அளவு, பல்புக்கு மட்டும்தான். 400 வாட் சோடியம் பல்பு ஏறக்குறைய 50,000 லுமென் தரும். அதில் எவ்வளவு நாற்றுத் தட்டின் மேல் வந்து விழுகிறது என்பது பல்புக்கு மேல் கவிழ்ந்து நின்று ஒளியைக் கீழே திருப்பும் ரிஃப்ளெக்டரின் வடிவம், உள்ளே இருக்கும் அலுமினியத் தகட்டின் தரம், அடியில் பூட்டியிருக்கும் ஒளி புகும் கண்ணாடி ஆகியவற்றைப் பொறுத்தது. ஆகவே இரண்டு ரிஃப்ளெக்டரை ஒப்பிட வேண்டுமானால் அளந்துதான் பார்க்க வேண்டும். விற்பவர் சொல்லும் சதவீதத்தை நான் நம்புவதில்லை.

குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் சிறிய நர்சரி வைத்திருக்கிறேன். மிளகாய், கத்திரி நாற்றும் ஆந்தூரியம் கன்றுகளும்தான் பெரும்பாலும். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஜூனிலும் அக்டோபர், நவம்பரிலும் நாள்கணக்கில் வானம் மூடிக் கிடக்கும். அந்த நேரத்தில் நாற்று வெளிச்சம் தேடி நீண்டு, தண்டு மெலிந்து சாய்ந்துவிடும். அதற்காகத்தான் மாடி அறையில் சோடியம் விளக்கு. நம் ஊர் வெக்கையில் அந்த விளக்கைச் செடிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டுமானால் காற்றால் குளிரும் ரிஃப்ளெக்டர் தேவை. இரண்டு பக்கமும் குழாய் வாய், அடியில் கண்ணாடி, ஒரு முனையில் ஃபேன். பல்பின் சூடு செடிக்குப் போகாமல் குழாய் வழியாக வெளியே போய்விடும்.

இதில் ஓர் இழப்பு உண்டு. சாதாரணக் கண்ணாடி ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். இரண்டு பரப்பும் சேர்த்தால் 8 சதவீதம் போகும். அது நேராக விழும் ஒளிக்குத்தான். சாய்வாக விழும் ஒளியில் இழப்பு இன்னும் கூடும். 60 டிகிரி சாய்வில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் ஒளியை அகலமாக விரிக்கும் ரிஃப்ளெக்டரில் ஓரத்துக்குப் போகும் வெளிச்சம்தான் கண்ணாடியால் அதிகம் குறையும். கண்ணாடி இல்லாமல் அளந்த கணக்கைக் காட்டி யாராவது விற்க வந்தால், கண்ணாடியைப் பூட்டி அளந்த கணக்கைக் கேளுங்கள்.

அளக்க என்ன வேண்டும்? லக்ஸ் மீட்டர் ஒன்று (ஒரு சதுர மீட்டரில் விழும் லுமென்தான் லக்ஸ்), பிளக்கில் மாட்டும் வாட் மீட்டர் ஒன்று, டேப், சாக்பீஸ், கறுப்புத் துணி. செடிக்கான ஒளியைச் சரியாக அளக்கும் குவான்டம் மீட்டர் விலை அதிகம். ரிஃப்ளெக்டரை ரிஃப்ளெக்டரோடு ஒப்பிட அது அவசியமே இல்லை. ஒரே பல்பைத்தான் எல்லா ரிஃப்ளெக்டரிலும் மாற்றி மாற்றிப் போடப் போகிறோம். ஒளியின் நிறம் மாறாது. மீட்டர் அந்த மஞ்சள் ஒளியைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ காட்டினாலும் எல்லாவற்றுக்கும் ஒரே அளவில்தான் காட்டும், விகிதம் கெடாது. ஆனால் 2,00,000 லக்ஸ் வரை காட்டும் மீட்டராகப் பார்த்து வாங்குங்கள். 20,000-த்தோடு நிற்பது விளக்குக்கு நேர் கீழே உதவாது. சென்சார் தனியாக வயரில் இருப்பது நல்லது. சென்சாரின் மேல் வெள்ளைக் குமிழ் இருக்க வேண்டும், அதுதான் பக்கவாட்டில் வரும் ஒளியையும் ஓரளவு சரியாகச் சேர்த்துக்கொள்ளும். செல்போன் ஆப் இந்த வேலைக்கு ஆகாது. போனைக் கொஞ்சம் சாய்த்தாலே எண் தாவும்.

என் தம்பி எலக்ட்ரீஷியன். அவன் முதலில் சொன்னது: "அக்கா, வெளிச்சத்த பாக்கதுக்கு முந்தி வாட்ட பாரு." இந்த வேலையில் பாதி இந்த ஒரு பேச்சில் அடங்கிவிடும். சாதாரணச் சோக்கில் ஓடும் சோடியம் பல்புக்கு வரும் கரண்டின் வோல்டேஜ் 5 சதவீதம் இறங்கினால் பல்பு எடுக்கும் வாட் 10 சதவீதத்துக்கும் மேல் இறங்கலாம். சாயங்காலம் எல்லா வீட்டிலும் மோட்டாரும் மிக்ஸியும் ஓடும் நேரத்தில் ஒன்றையும், நடு மத்தியானம் இன்னொன்றையும் அளந்தால் நீங்கள் அளப்பது ரிஃப்ளெக்டரை அல்ல, கரண்டை. ஒவ்வொரு ரிஃப்ளெக்டருக்கும் அளக்கத் தொடங்கும்போது ஒரு முறையும் முடிக்கும்போது ஒரு முறையும் வாட்டைக் குறித்து வையுங்கள். வித்தியாசம் 3 சதவீதத்துக்கு மேல் போனால் அந்த அளவை விட்டுவிட்டு வோல்டேஜ் நிலைக்கும் நேரத்தில் திரும்ப அளங்கள். அதற்குள் என்றால் லக்ஸை வாட்டால் வகுத்து, ஒரு வாட்டுக்கு எவ்வளவு என்று ஒப்பிட்டால் போதும். ஸ்டெபிலைசர் இருந்தால் இந்தப் பாடு குறையும்.

பல்பும் சோக்கும் எல்லாவற்றுக்கும் ஒன்றே. புத்தம் புதுப் பல்பு வேண்டாம், 100 மணி நேரமாவது எரிந்து நிலைப்பட்ட பல்பாக இருக்கட்டும். எரிய வைத்து 20 நிமிடம் கழித்துத்தான் முதல் எண்ணை எழுத வேண்டும். நடுவில் கரண்ட் போனால் சோடியம் பல்பு உடனே திரும்ப எரியாது. சூடு ஆறியபிறகுதான் பிடிக்கும். பிடித்ததும் மறுபடியும் 20 நிமிடம். மழைக்காலத்தில் இதற்குப் பொறுமை வேண்டும்.

ஃபேனை ஓடவிட்டுத்தான் அளக்க வேண்டும், அதுவும் தினமும் ஓடப்போகும் அதே வேகத்தில். பல்பின் உள்குழாய் எவ்வளவு சூடாக இருக்கிறதோ அதற்கேற்ப பல்பின் வோல்டேஜும் அது எடுக்கும் வாட்டும் மாறும். ரிஃப்ளெக்டர் சூட்டைப் பல்பின் மேலேயே திருப்பி அனுப்பினால் ஒரு மாதிரி, காற்று நன்றாக இழுத்தால் வேறு மாதிரி. ஃபேனை நிறுத்தி அளந்த எண் வாழ்க்கையில் நமக்கு உதவாது.

ஃபேன் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு: 400 வாட் சூடு முழுவதும் காற்றில் சேர்வதாகவே வைத்துக்கொண்டால், காற்றின் சூடு 10 டிகிரிக்கு மேல் ஏறாமல் இருக்க மணிக்கு சுமார் 120 கனமீட்டர் காற்று ஓட வேண்டும். ஃபேன் பெட்டியில் போட்டிருக்கும் அளவு குழாய் எதுவும் மாட்டாதபோது கிடைப்பது. வளைவும் நீளமும் கூடக்கூட அது குறையும். அதனால் இரண்டு மடங்காகவே வாங்குங்கள். காற்றை வெளியிலிருந்து எடுத்து வெளியிலேயே விடுங்கள்.

இப்போது அளக்கும் முறை. அறையின் சுவர் வெள்ளையாக இருந்தால் ரிஃப்ளெக்டர் ஓரத்தில் சிந்தும் ஒளியைச் சுவர் திருப்பித் தந்துவிடும், மோசமான ரிஃப்ளெக்டரும் நல்ல பெயர் வாங்கிவிடும். ஆகவே நான்கு பக்கமும் கறுப்புத் துணியைத் தொங்கவிடுங்கள். அளப்பவரின் உடுப்பும் கணக்கில் வரும். வெள்ளை வேட்டியோடு பக்கத்தில் நின்றால் சென்சாரில் எண் ஏறும். இருண்ட கைலியோ கறுப்பு நைட்டியோ உடுத்துக்கொண்டு, வயர் நீளத்துக்குத் தள்ளி நின்று அளங்கள்.

தரையில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் போட்டு, அதை 20 செ.மீ. கட்டங்களாகப் பிரியுங்கள். 25 கட்டம் வரும். சென்சாரை ஒவ்வொரு கட்டத்தின் நடுவில் வைக்க வேண்டும், கோடுகள் வெட்டும் இடத்தில் அல்ல. பலர் கோட்டு முனைகளில் அளந்து சராசரி போடுகிறார்கள், அதில் ஓரங்களுக்கு உரியதைவிட அதிக எடை கிடைத்துவிடும். சென்சார் ஒவ்வொரு முறையும் சமமாகப் படுத்திருக்க வேண்டும். விளக்கைப் பார்த்துச் சாய்க்கக் கூடாது.

உயரத்தில்தான் பெரும்பாலும் தவறு நடக்கும். வெறும் பல்பு 50 செ.மீ. உயரத்தில் இருப்பதை 55 ஆக்கினாலே நேர் கீழே வெளிச்சம் 17 சதவீதம் போய்விடும். ரிஃப்ளெக்டர் இருந்தால் இழப்பு அவ்வளவு இராது, ஆனால் நாம் தேடும் வித்தியாசமே 5, 10 சதவீதம்தானே. சங்கிலியில் தொங்கவிடாமல் இரண்டு மேசைகளுக்கு நடுவில் கட்டை போட்டுக் கண்ணாடியிலிருந்து தரை வரை டேப்பால் நான்கு மூலையிலும் அளந்து வையுங்கள். ஏன் கண்ணாடியிலிருந்து? செடி எவ்வளவு நெருங்கலாம் என்பதைத் தீர்மானிப்பது கண்ணாடிதான். ஆழமான ரிஃப்ளெக்டரில் பல்பு மேலே ஒளிந்திருக்கும், அதற்கான விலையை அந்த ரிஃப்ளெக்டர் கொடுக்கத்தான் வேண்டும்.

எண்களை எப்படிப் படிப்பது என்பதற்கு ஓர் உதாரணக் கணக்கு. முதல் ரிஃப்ளெக்டரில் நடுக் கட்டம் 70,000 லக்ஸ், அதைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டம் 38,000 வீதம், வெளிச்சுற்று பதினாறும் 13,500 வீதம். சராசரி 23,600. இரண்டாவதில் நடுவில் 42,000 மட்டும். அடுத்த எட்டும் 33,000, வெளிச்சுற்று 22,000. சராசரி 26,320. நடுவில் மட்டும் மீட்டரை வைத்துப் பார்ப்பவர் முதலாவதுதான் பிரமாதம் என்று எடுத்துப் போவார். உண்மையில் தட்டுகளின் மேல் மொத்தமாக விழும் வெளிச்சம் இரண்டாவதில்தான் பத்து சதவீதத்துக்கு மேல் அதிகம். பரப்பு ஒரு சதுர மீட்டர் என்பதால் சராசரி லக்ஸ்தான் அங்கு விழும் மொத்த லுமெனும். 50,000-இல் 26,320 வந்து சேர்ந்திருக்கிறது, பாதிக்குச் சற்று மேல். உங்கள் சராசரி 50,000-ஐத் தாண்டினால் மீட்டரைச் சந்தேகப்படுங்கள். பல்பு தராத வெளிச்சத்தை ரிஃப்ளெக்டர் தர முடியாது.

அப்புறம் சமச்சீர். மிகக் குறைந்த கட்டத்தைச் சராசரியால் வகுத்தால் முதலாவதுக்கு 0.57, இரண்டாவதுக்கு 0.84. நர்சரிக்காரருக்கு இந்த எண் மிக முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம். ஒரே தட்டில் நடுவில் குட்டையும் ஓரத்தில் நெட்டையுமாக வளர்ந்த நாற்றை வாங்க வருபவர் ஏற்க மாட்டார். சோடியம் ஒளிக்கு லக்ஸைச் சுமார் 82-ஆல் வகுத்தால் செடிக்கான கணக்கு, அதாவது ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் (ஒளித்துகள்களை எண்ணும் அலகு) என்பது கிடைக்கும். இரண்டாவதின் சராசரி சுமார் 320. பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் ஒரு நாளைக்கு 14 மோல் அளவு. மிளகாய், கத்திரி நாற்றுக்கு இது தாராளம். முதலாவதின் நடுக் கட்டமோ 850-ஐத் தொடும். வெளியில் 75 முதல் 80 சதவீத நிழல் வலைக்குக் கீழே வளர்க்கும் ஆந்தூரியத்தை அங்கே வைத்தால் இலை வெளுத்துக் கருகும்.

ரிஃப்ளெக்டர் பல்பின் நீளவாக்கில் ஒரு மாதிரியும் குறுக்குவாக்கில் வேறு மாதிரியும் ஒளி வீசும். பல்பு எந்தப் பக்கம் நோக்கியிருந்தது என்று தாளில் அம்புக்குறி போட்டு வையுங்கள். உங்கள் பெஞ்ச் நீளமாக இருந்தால் எந்த வாக்கில் தொங்கவிடுவது என்பதை அந்தத் தாளே சொல்லும்.

எல்லாம் முடிந்தபின் முதலில் அளந்த ரிஃப்ளெக்டரைத் திரும்ப மாட்டி நடுவிலும் நான்கு மூலையிலும் மட்டும் அளங்கள். முதல் எண்ணோடு ஒத்துவந்தால் நாள் முழுக்க எதுவும் நகரவில்லை என்று அர்த்தம். இந்தச் சோதனையை யாரும் விட்டுவிடக் கூடாது.

கடைசித் தீர்மானத்துக்கு முன்னால் சூட்டையும் பாருங்கள். செடி நுனி மட்டத்தில் ஒரு தெர்மாமீட்டரை நேர் ஒளி படாமல் சிறு அட்டையால் மறைத்து வைத்து, அறைச் சூட்டைவிட எவ்வளவு ஏறுகிறது என்று குறியுங்கள். நன்றாகக் குளிரும் ரிஃப்ளெக்டரை இன்னும் தாழ்த்தலாம். தாழ்த்துவதால் கிடைப்பது, கண்ணாடியில் போன 8 சதவீதத்தை ஈடுசெய்து அதற்கு மேலும் தரும். ஆகவே சமமான உயரத்தில் ஒரு முறை, ஒவ்வொன்றுக்கும் செடி தாங்கும் உயரத்தில் ஒரு முறை என்று இரண்டு கணக்கு வேண்டும். நான் முடிவு எடுப்பது இரண்டாவதை வைத்துத்தான். புதிதாகவே விளக்கு வாங்குபவராக இருந்தால் நல்ல எல்இடி வாங்குங்கள், ஒரே கரண்டுக்கு அதிக வெளிச்சம், சூடும் குறைவு. சோடியம் செட் கையில் இருப்பவர்களுக்குத்தான் இவ்வளவும்.

பல்பு மாற்றும்போது மெயினை அணைத்து, முழுவதும் ஆறவிட்டு, அதன்பின் தொடுங்கள். பல்பைப் பற்ற வைக்கும் இக்னைட்டர் தரும் அதிர்ச்சி ஆயிரக்கணக்கான வோல்ட். ஈரத்தரையில் வேலை வேண்டாம், லைனில் கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஈஎல்சிபி இருக்கட்டும். மெட்டல் ஹாலைடு பல்பு போடுபவர்கள் கண்ணாடியைக் கழற்றி எரிக்கவே கூடாது. அது வெடிக்கவும் கூடும், புற ஊதா ஒளியும் நேராக வரும்.

மழை தொடங்கும்போது ஈசல் வரும். வெளியிலிருந்து காற்று எடுக்கும் குழாய் வாயில் நைலான் கொசுவலையை இரண்டாக மடித்துக் கட்டாவிட்டால், அவை ஃபேன் இழுப்பில் உள்ளே போய்ப் பல்பில் ஒட்டிக் கருகி, கண்ணாடியில் கறையாகப் படியும். குளச்சல், முட்டம் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்று வேறு. அது அலுமினியத்தை மெல்ல மங்கச் செய்யும். கண்ணாடியை மென்மையான துணியால் ஈரமாகத் துடைத்து உலர்த்துங்கள். ரிஃப்ளெக்டரின் உட்பக்கத்தைத் தேங்காய் நாரோ பாத்திரம் தேய்க்கும் பவுடரோ போட்டுத் தேய்க்காதீர்கள், கீறல் விழுந்தால் அந்தப் பளபளப்பு திரும்பாது. துடைப்பதற்கு முன்னும் பின்னும் நடுக் கட்டத்தில் ஒரு எண் எடுத்து அதே தாளில் தேதியோடு எழுதி வையுங்கள். எத்தனை வாரத்துக்கு ஒரு முறை துடைக்க வேண்டும் என்பது உங்கள் இடத்தைப் பொறுத்து அதிலிருந்தே தெரிந்துவிடும்.