ஸ்ட்ராவில் ஊதும் காகித ராக்கெட்: ஒரு லேத்காரத் தாத்தாவின் செய்முறை

30 வருடத்துக்கு மேல் லேத் ஓட்டியவன் நான். தண்டு குழாய்க்குள் இறுகவும் கூடாது, ஆடவும் கூடாது என்கிற ஒரு கவலையிலேயே பாதி ஆயுள் போயிற்று. ஓய்வு பெற்று உட்கார்ந்த பிறகு அதே கவலை ஒரு ஏ4 தாளில் திரும்பி வந்தது. 5 வயதுப் பேத்தி ராக்கெட் கேட்டாள்.

தேவையானவை: ஏ4 தாள், முழுப் பென்சில், வளைவில்லாத நேர் ஸ்ட்ரா, செல்லோ டேப், முனை மழுங்கிய கத்தரிக்கோல், கிரேயான். பசை வேண்டாம். காயும்வரை எந்தக் குழந்தையும் காத்திருக்காது.

தாளின் நீளவாட்டில் 13 செ.மீ. நீளமும் 5 செ.மீ. அகலமுமாகத் துண்டு வெட்டுங்கள். பெரும்பாலான ஏ4 தாள்களில் இழை நீளவாட்டில்தான் ஓடும். இழையோடு சேர்த்துச் சுருட்டினால் தாள் முரண்டு பிடிக்காமல் சுருளும். ஒரு தாளில் இப்படி 8 துண்டு தேறும். எட்டும் தேவைப்படும், நம்புங்கள்.

வண்ணம் தீட்டுவதைச் சுருட்டுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். சுருட்டிய குழாயின்மேல் கிரேயானை அழுத்தினால் குழாய் நசுங்கிவிடும். இதில் நான் ஒரு தப்பு செய்தேன். பேத்தி துண்டு முழுக்க ஒரு பூனை, பக்கத்தில் நிலா, பூனைக்கு ஒரு தொப்பி என்று அரைமணி நேரம் வரைந்தாள். நான் சுருட்டிக் கொடுத்தேன். வெளியே தெரிந்தது பூனையின் வால் மட்டும். "தாத்தா, பூனைய எங்க போட்டீங்க?" என்று ஆரம்பித்த அழுகை நிற்க வெகுநேரமானது. கணக்குத் தெரிந்தவன் யோசித்திருக்க வேண்டும்: பென்சிலின் குறுக்களவு சுமார் 7 மி.மீ.; சுற்றளவு 22 மி.மீ. ஆக 5 செ.மீ. அகலத் தாள் இரண்டு சுற்றுக்கு மேலே வரும். கடைசி 2 செ.மீ. மட்டும்தான் வெளியே தெரியும். இப்போதெல்லாம் நீளமான ஓரத்திலிருந்து 2 செ.மீ. தள்ளி ஒரு கோடு போட்டுக் கொடுத்துவிடுகிறேன். படம் அந்தப் பட்டைக்குள்.

சுருட்டும்போது படம் மேசையைப் பார்க்கக் கவிழ்த்துப் போடுங்கள். படமுள்ள ஓரம் குழந்தைக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும். இந்தப் பக்க ஓரத்தில் பென்சிலை வைத்து இரண்டு உள்ளங்கையாலும் உருட்டச் சொல்லுங்கள். சப்பாத்திக் கட்டையை உருட்டுகிற மாதிரிதான். ஓரத்தை நடுவில் ஓரிடம், இரு முனையிலும் ஓரிடம் என டேப்பால் ஒட்டுங்கள். டேப் பென்சிலில் பட்டுவிடக் கூடாது. பட்டால் ராக்கெட் பென்சிலைவிட்டு வராது.

சாதாரண ஸ்ட்ராவின் குறுக்களவு 6 மி.மீ. வாக்கில் இருக்கும். பென்சில் 7. இந்த 1 மி.மீ. வித்தியாசம்தான் இந்த விளையாட்டின் உயிர். ஸ்ட்ராவின்மேலேயே நேராகச் சுருட்டினால் குழாய் கவ்விக்கொள்ளும். ஊதினால் கன்னம் வலிக்கும், ராக்கெட் நகராது. தொளதொளத்தால் மூச்செல்லாம் பக்கவாட்டில் ஓடிவிடும். தலைகீழாகப் பிடித்தால் தன் எடையிலேயே ஸ்ட்ராவைவிட்டு நழுவி விழ வேண்டும், ஆனால் ஆட்டினால் கடகடக்கக் கூடாது. உங்கள் ஸ்ட்ரா தடிமனாக இருந்தால் பென்சிலை விட்டுவிடுங்கள். ஸ்ட்ராவின்மேல் ஒரு சுற்றுக் காகிதம் சுற்றி, அதன்மேல் ராக்கெட்டைச் சுருட்டி, பிறகு உள்காகிதத்தை உருவிவிடுங்கள்.

அடுத்தது மூக்கு. குழாயைப் பென்சில் முனையைத் தாண்டி 2 செ.மீ. வெளியே இழுத்து, அந்தப் பகுதியைத் தட்டையாக்கி, இரண்டு மடிப்பு மடித்து, டேப்பைச் சுற்றி ஒட்டுங்கள். முறுக்கிவிட்டால் கூர்மையாக அழகாகத்தான் இருக்கும். ஆனால் காற்று கசியும். பென்சிலை எடுத்துவிட்டு, திறந்த வாயில் ஊதி, மூக்குப் பக்கம் புறங்கையை வைத்துப் பாருங்கள். டியூபில் பஞ்சர் தேடுவது போல. சில்லென்று பட்டால் இன்னொரு துண்டு டேப்.

செட்டைகளை முக்கோணமாக வெட்டுங்கள்: அடி 3 செ.மீ., உயரம் 2 செ.மீ. அடியில் கொஞ்சம் விட்டு மடித்து, திறந்த முனைக்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டும். மூன்று செட்டை போதும்தான். ஆனால் சமதூரத்தில் மூன்றை வைப்பது பெரியவர்களுக்கே தகராறு. குழந்தையோடு செய்யும்போது எதிரெதிராக நான்கு வையுங்கள், சரியாக வரும்.

செட்டை எதற்கு என்று பேத்தி கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை, ஒரு ராக்கெட்டின் செட்டைகளைப் பிய்த்துவிட்டு ஊதச் சொன்னேன். அது காற்றில் குட்டிக்கரணம் போட்டுக் காலடியிலேயே விழுந்தது. "தலை சுத்திடுச்சு" என்றாள். அதுதான் விஷயம். கனம் முன்னால், காற்று பிடிக்கும் பரப்பு பின்னால் இருந்தால் மூக்கு விலகும்போதெல்லாம் காற்றே வாலைப் பிடித்து நேராக்கிவிடும். மூக்கில் கூடுதலாக இரண்டு சுற்று டேப் போட்டால் இன்னும் நேராகப் போகும். களிமண் உருண்டை வைப்பவர்களும் உண்டு. வாயில் போட்டுக்கொள்ளும் வயதில் அது வேண்டாம்.

ஊதுவதில் ஒரு சூட்சுமம். பலூனுக்கு ஊதுவது போல நீளமாக ஊதிப் பயனில்லை. மூச்சு நிறைய இழுத்துக்கொண்டு, மெழுகுவத்தியை அணைப்பது போல ஒரே "ப்பூ!" ராக்கெட் ஸ்ட்ராவைவிட்டுக் கழலும் வரைதான் காற்று அதைத் தள்ள முடியும். அதனால் ராக்கெட்டை மூக்கு முட்டும்வரை ஸ்ட்ராவில் மாட்டிக்கொள்ளுங்கள். தூரம் போக ஸ்ட்ராவைத் தரைக்கும் கூரைக்கும் நடுச் சாய்வில், 45 டிகிரி வாக்கில் பிடிக்க வேண்டும். குழந்தை முதல் பத்து முறையும் செங்குத்தாகத்தான் பிடிக்கும். ராக்கெட் உங்கள் தலையில் விழும். விழட்டும்.

விண்வெளி ராக்கெட்டும் இப்படித்தான் போகிறது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது தன் எரிபொருளைத் தானே சுமந்து, எரித்து, புகையைப் பின்னால் தள்ளி முன்னால் போகிறது, எஞ்சின் எரியும்வரை தள்ளிக்கொண்டே இருக்கிறது. நம்முடையது மூச்சு கொடுத்த ஒரு உந்தலோடு சரி. பேத்திக்கு நான் சொன்னது: "அதுக்குள்ளேயே ஊதுற ஆள் உக்காந்திருக்கு. இதுக்கு நீதான் ஆள்."

அவளுடைய முதல் ராக்கெட் 7 அடி போனது. முகம் சுருங்கிவிட்டது. கோடார்ட் கதையைச் சொன்னேன். திரவ எரிபொருளில் ஓடும் ராக்கெட்டை முதன்முதலில் பறக்கவிட்டவர் ராபர்ட் கோடார்ட், 1926 மார்ச் 16 அன்று. இரண்டரை வினாடி பறந்து 41 அடி உயரம் எழும்பியது, அவ்வளவுதான். அதுவும் எஞ்சின் மேலேயும் எரிபொருள் தொட்டி கீழேயுமாக வைத்திருந்தார். மேலிருந்து இழுத்தால் நேராகப் போகும் என்று நினைத்தார்கள். அது பயன் தராது என்று தெரிந்து, பிறகு எஞ்சினை வால் பக்கம் கொண்டுபோனார். "அவரும் பிச்சுப் பிச்சு ஒட்டினாரா?" என்றாள். ஆமாம் என்றேன்.

விளையாடும்போது மூன்று சட்டம் எங்கள் வீட்டில்: ஆளுக்கொரு ஸ்ட்ரா, ஊதுகிறவருக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது, முகத்தை நோக்கி ஊதினால் அன்றைக்கு ராக்கெட் கிடையாது. கண் விஷயத்தில் தாத்தா செல்லமெல்லாம் செல்லாது.

பத்துப் பதினைந்து ஊதலில் எச்சில் பட்டு வாய்ப்பக்கம் ஊறிவிடும். ஒட்டுப்போடாமல் அடுத்த துண்டை எடுங்கள். நாலாவது ராக்கெட்டை அவளே சுருட்டினாள். கொஞ்சம் தொளதொளப்புதான்; லேத் பட்டறையில் என்றால் திருப்பி அனுப்பியிருப்பேன். வாயைத் திறக்கவில்லை. 9 அடி போனது.