ரப்பரை வீட்டில் வைத்துவிட்டு பெல்கிரேடை வரையுங்கள்

மகள் வேலை பார்க்கும் செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் ஒரு செப்டம்பர் முழுக்கத் தங்கினேன். முப்பது வருஷம் ட்ராயிங் மாஸ்டராக இருந்தவன், கை சும்மா இருக்குமா? முதல் வாரம் கோட்டை, தேவாலயம், குதிரைச் சிலை என்று வரைந்து தள்ளினேன். எல்லாம் காலண்டர் படம் மாதிரி வந்தது. அப்புறம்தான் மகள் மோமோ கப்போரின் புத்தகம் ஒன்றைக் கொடுத்தாள்.

கப்போர் எழுத்தாளர், ஓவியரும்கூட. 1937இல் சரயேவோவில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில், 1941 ஏப்ரலில் குண்டு விழுந்தபோது அம்மா பிள்ளை மேலே கவிழ்ந்து படுத்துக் காப்பாற்றினார், அம்மா பிழைக்கவில்லை. கப்போர் பெல்கிரேடில் ஓவியம் படித்து 1961இல் பட்டம் வாங்கினார். 2010இல் இறக்கும்வரை அந்த ஊரையும் செர்பியர்களின் குணத்தையும் எழுதினார், தன் புத்தகங்களுக்குத் தானே படமும் போட்டார். விறுவிறுவென்று ஓடும் கோடுகள். அதைப் பார்த்துத்தான் என் பழக்கத்தை மாற்றினேன்.

சட்டைப்பைக்குள் அடங்கும் நோட்டு ஒன்று, கறுப்புப் பேனா ஒன்று. பென்சில் எடுத்தால் ரப்பர் தேடுவீர்கள், ரப்பர் வந்தால் முகம் செத்துவிடும்.

முதலில் ஒரு கஃபானாவில் உட்காருங்கள். கஃபானா என்றால் சாப்பாடு, குடி, காபி, வம்பு எல்லாம் ஒரே கூரையில். தலைமைத் தேவாலயத்துக்கு எதிரே 1823இல் கட்டிய கஃபானா இருக்கிறது. அதன் பெயர் வெறும் '?'. 1892இல் உரிமையாளர் தேவாலயத்தின் பெயரையே கடைக்கு வைக்க, பாதிரிமார் கூடாது என்றார்களாம். சரி, தற்காலிகமாக இருக்கட்டும் என்று கேள்விக்குறியை மாட்டினார். இன்றைக்கும் அதுதான் தொங்குகிறது. இந்தக் குணத்துக்கு அங்கே 'இனாத்' என்று பெயர். நம்ம ஊர் வீம்பு. கட்டடத்தை விட்டுவிட்டு அந்த வீம்பு யார் முகத்தில் தெரிகிறது என்று தேடுங்கள். பில் கொடுக்க இரண்டு பேர் சண்டை போடும் மேஜை கண்ணில் பட்டால் யோகம்.

காபியைக் கலக்காதீர்கள். நான் கலக்கி மண்டி முழுக்க வாயில் அள்ளினேன். மண்டி அடியில் தங்க எடுக்கும் நேரம்தான் ஒரு படத்துக்கான நேரம். கண்ணை ஆள் மேல் வைத்துப் பேனாவைத் தூக்காமல் தோளிலிருந்து கைக்கு இறங்குங்கள். மூக்கு கோணினால் கோணட்டும். குட்டை முக்காலிகள் முழங்காலைப் பதம் பார்க்கும், ஆனால் நோட்டு மடியில் நன்றாக நிற்கும்.

ராத்திரி படத்தின் பின்பக்கத்தில் பத்து வரி எழுதுங்கள். படத்தில் இருப்பதைத் திரும்பச் சொல்ல வேண்டாம். படத்தில் வராததை எழுதுங்கள்: என்ன வாசம், யார் யாரைத் திட்டினார், என்ன விலை.

அடுத்து கலெனிச் சந்தை. செப்டம்பரில் மூட்டை மூட்டையாகச் சிவப்புக் குடைமிளகாய் இறங்கும். ஜனங்கள் அதை அடுப்பில் தோல் கருகச் சுட்டு, மூடிவைத்துப் புழுக்கி, உரித்து, அரைத்து, எண்ணெயில் மணிக்கணக்காகக் கிளறி 'அய்வார்' செய்து குளிர்காலத்துக்குப் பாட்டிலில் அடைப்பார்கள். கொத்சுவுக்குக் கத்தரிக்காய் சுட்டவர்களுக்கு இந்தக் கைவேலை புரியும். அந்த வாசம் தெருவெல்லாம் வரும். இங்கே முகத்துக்கு முன்னால் கையை வரையுங்கள். விற்கிற அம்மாவின் விரல் நுனிகள் கரிபிடித்துக் கிடந்தன.

வரைந்து முடித்ததும் மறைக்காமல் காட்டிவிடுங்கள். அந்த அம்மா நோட்டை வாங்கிப் பார்த்து ஏதோ சொன்னார். "தலைத்துணியில பூவைக் காணோமாம்பா," என்றாள் மகள். நான் பேனாவைத் திறப்பதற்குள் அவரே பிடுங்கி, கரி விரலால் அழுத்தி மூன்று புள்ளி வைத்தார். ஒன்று நெற்றியில் விழுந்தது. அதை அப்படியே விட்டிருக்கிறேன்.