பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: எதை முதலில் ஆடுவது, எதைத் தாண்டிப் போவது

'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' என்ற கணினி ஆட்ட வரிசையில் ஒழுங்கான எண் கிடையாது, அதுதான் முதல் குழப்பம். 1989-ல் வந்ததும் 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா', 2008-ல் வந்ததும் வெறும் 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா', ஆனால் இரண்டுக்கும் கதையில் ஒட்டுமில்லை உறவுமில்லை. 2010-ல் வந்தது கதைப்படி 2003-க்கும் 2004-க்கும் நடுவில் போய் உட்காருகிறது. வெளியான வருடத்தைப் பார்த்து வரிசையாகப் போனால் பாதியில் கைவிட்டுவிடுவீர்கள். நான் அப்படித்தான் 1999-ல் வந்த முப்பரிமாண ஆட்டத்தில் மாட்டி, அதன் பிழைகளோடு மல்லுக்கட்டி, மொத்த வரிசையையும் சில வருடம் தொடாமல் இருந்தேன். அதனால் அந்த 1999-ஐ இப்போதே கழற்றி விடுங்கள். அதில் ஒன்றும் போகவில்லை.

இந்த வரிசையை மூன்று தனித்தனிக் குடும்பமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஜோர்டன் மெக்னர் உருவாக்கிய பழையது, யூபிசாஃப்ட் நிறுவனத்தின் மொன்ட்ரியால் கிளை 2003-ல் தொடங்கி வைத்தது, அப்புறம் 2024-ல் வந்த இரண்டு. 2008 ஆட்டம் எதிலும் சேராத ஒற்றைப் பிள்ளை. என்னைக் கேட்டால், இவற்றை இணைப்பது இளவரசனே இல்லை. நீங்கள் கால் தவறிக் கீழே விழுந்தால் ஆட்டம் உங்களை என்ன செய்கிறது என்ற ஒரே கேள்விக்கு ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு பதில் சொல்லியிருக்கிறது. அதைக் கவனித்துக்கொண்டே ஆடினால் வரிசை தானாகப் பிடிபடும்.

முதலில் 1989. இரண்டு சாயங்காலம் ஒதுக்கினால் போதும். ஆட்டத்துக்கு மொத்தம் 60 நிமிடம்தான், அதற்குள் இளவரசியிடம் போய்ச் சேர வேண்டும். விழுந்து செத்தால் அந்தக் கட்டத்தை முதலிலிருந்து தொடங்கணும், கடிகாரம் மட்டும் நிற்காமல் ஓடும். மெக்னர் இதைக் கிட்டத்தட்ட தனி ஆளாக ஆப்பிள் டூ கணினியில் எழுதினார். தம்பி டேவிட்டை ஒரு வண்டி நிறுத்துமிடத்தில் ஓடவும் குதிக்கவும் விட்டு வீடியோ எடுத்து, அந்தப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்தார். இளவரசன் ஓட்டத்தை நிறுத்தும்போது இரண்டடி சறுக்கி நிற்பது இன்றும் அசலாகத் தெரிய அதுதான் காரணம். வாள் சண்டைக்கு 1938-ல் வந்த ராபின் ஹூட் படத்தின் சண்டைக்காட்சி உதவியது. இசை அவருடைய அப்பா. எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி நிழல் மனிதன்தான். எதிரிக்குத் தனிப் படங்கள் வைக்க நினைவகத்தில் இடமே இல்லை, அதனால் இளவரசனின் அதே படங்களையே கணக்குப் போட்டு நிறம் திருப்பி இன்னொரு ஆளாக்கிவிட்டார். இடமில்லாத தொல்லையிலிருந்து அந்த ஆட்டத்தின் சிறந்த பாத்திரம் பிறந்தது!

ஆடுவதற்கு, பழைய கணினிகளின் டாஸ் இயங்குதளத்துக்கான பதிப்பை எடுங்கள், 1990-ல் வந்தது அது. டாஸ் ஆட்டங்களை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளில் ஓடும். இல்லையென்றால் ரசிகர்கள் இன்றைய கணினிக்காக மீண்டும் எழுதிய எஸ்டிஎல்பாப் என்ற இலவச வடிவம் இருக்கிறது, அது இன்னும் வசதி. ஆப்பிள் டூ மூல நிரல் வெகுகாலம் காணாமல் கிடந்து, மெக்னரின் அப்பா வீட்டு அலமாரியில் வட்டுகள் அகப்பட்டு, 2012-ல் அவர் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டார். நிரல் எழுதுபவராக இருந்தால் அதையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

விசைகள் கொஞ்சம்தான், ஆனால் ஷிஃப்ட்டைப் பழகாமல் இரண்டாம் கட்டம் தாண்ட மாட்டீர்கள். ஷிஃப்ட்டோடு அம்புக்குறியைத் தட்டினால் இளவரசன் அளந்து ஓரடி வைப்பான், விளிம்பு வந்தால் நின்றுகொள்வான். தரையிலிருந்து கிளம்பும் முள்ளுக்கு நடுவிலும் இப்படி நடந்தே போகலாம். தாவும்போது ஷிஃப்ட்டைப் பிடித்திருந்தால் எதிர் விளிம்பைக் கை பற்றும். இரண்டு மாடி உயரம் விழுந்தால் ஓர் உயிர்ப்புள்ளி போகும், மூன்று மாடி என்றால் கதை முடிந்தது. மூன்றாம் கட்டத்தில் ஓர் எலும்புக்கூடு எழுந்து வரும். அதை வெட்டி வெட்டி நான் எத்தனை நாள் வீணடித்தேன் என்று கேட்காதீர்கள், அது சாகவே சாகாது, பின்னால் தள்ளிக்கொண்டே போய்ப் பள்ளத்தில் தள்ளிவிட வேண்டும். நான்காம் கட்டத்தில் கண்ணாடி வழி மறித்தால் தயங்காமல் ஓடிவந்து குதியுங்கள். அதற்கப்புறம் அந்தக் கண்ணாடியிலிருந்து வெளியே வந்தவனைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் அவனை நேருக்கு நேர் சந்திக்கும்போது, அவனை அடித்தால் யாருக்கு வலிக்கிறது என்று மட்டும் பாருங்கள். டாஸில் மூன்றாம் கட்டத்திலிருந்து கன்ட்ரோலும் ஜி-யும் அழுத்திச் சேமிக்கலாம். மிச்ச நேரம் தெரிய ஸ்பேஸ்.

இதன் சூப்பர் நின்டெண்டோ பதிப்பு 1992-ல் வந்தது, 20 கட்டம், 120 நிமிடம். நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதை இரண்டாம் சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1993-ல் வந்த இரண்டாம் பாகம் முதலாவதில் மயங்கிப் போனவர்களுக்கு மட்டும்.

அடுத்து நேராக 2003-க்குத் தாவிவிடுங்கள். 'தி சேண்ட்ஸ் ஆஃப் டைம்'. பத்ரீஸ் டெசிலே தலைமையில் மொன்ட்ரியாலில் உருவானது, கதை எழுதியவர் மெக்னர். 1989-ல் உங்களைத் துரத்திய நேரத்தை இதில் உங்கள் கையில் ஒரு கத்தியாகக் கொடுத்துவிட்டார்கள். விழுந்தால் பொத்தானை அழுத்திப் பின்னோக்கி ஓட்டலாம், கத்தியில் மணல் இருக்கும் வரை. மணலைச் சண்டையில் செலவழிக்காதீர்கள், தாவும் இடங்களுக்கு வையுங்கள். எதிரி கீழே விழுந்ததும் கத்தியால் குத்தி அவன் மணலை உறிஞ்ச வேண்டும், விட்டால் எழுந்து வந்துவிடுவான். கூட வரும் ஃபாரா அம்பெய்வாள், ஆனால் அவள் செத்தாலும் ஆட்டம் காலி, ஆகவே ஒரு கண் அவள் மேலேயே இருக்கட்டும். கணினியில் அகலத்திரைக்கு ரசிகர்கள் செய்த திருத்தக் கோப்பு உண்டு. அதைப் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள், இல்லையென்றால் எல்லோரும் குண்டாகத் தெரிவார்கள்.

2004-ல் 'வாரியர் விதின்'. இளவரசன் தாடியும் கோபமுமாக மாறி, பின்னணியில் கிடார் அலற, முந்தையதன் நளினம் போய்விட்டது என்று பலர் ஒதுக்கினார்கள். எனக்கும் அந்த உரத்த இசை ஒத்துவரவில்லை, ஆனால் சண்டையும், தஹாகா என்ற அரக்கன் துரத்தும் ஓட்டங்களும் அருமை. இங்கே ஒரு முக்கியமான விஷயம்: உயிர் கூட்டும் இடங்கள் ஒன்பது ஒளிந்திருக்கின்றன, ஒன்பதையும் எடுத்தால்தான் நீர்வாள் கிடைக்கும், நீர்வாள் இருந்தால்தான் இரண்டாவது முடிவு வரும், 2005-ன் 'தி டூ த்ரோன்ஸ்' அந்த முடிவிலிருந்துதான் தொடங்குகிறது. தெரியாமல் ஒன்றை விட்டால், அடுத்த பாகத்தின் முதல் காட்சியில் முதல் முடிவில் செத்துப்போகும் கைலீனா என்ற பேரரசி எப்படி உயிரோடு படகில் வருகிறாள் என்று தலையைச் சொறிவீர்கள். தீவில் முன்னும் பின்னும் அலைய வேண்டியிருக்கும், வழிகாட்டி வரைபடம் பார்த்து எடுப்பதில் வெட்கமே வேண்டாம். சேமிப்பைப் பல இடங்களில் மாற்றி மாற்றி வையுங்கள், பிழைகள் உள்ள ஆட்டம் இது.

'தி டூ த்ரோன்ஸ்' மூன்றில் எளிது, சட்டென்று முடிந்துவிடும். 2010-ன் 'தி ஃபர்காட்டன் சேண்ட்ஸ்' அதே வருடம் வந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' திரைப்படத்தை ஒட்டி வந்தது. தண்ணீரை உறைய வைத்து அதையே பிடித்து ஏறும் வித்தைக்காக வேண்டுமானால் ஆடலாம், கதைக்காக அவசியமில்லை. இதற்கு நடுவில் ஒரு கிளைக்கதை: டெசிலே அடுத்த பாகமாக நினைத்தது ஓர் இளவரசனைக் காக்கும் கொலையாளியைப் பற்றியது, அது வளர்ந்து வளர்ந்து 2007-ல் 'அசாசின்ஸ் கிரீட்' என்று தனிப் பெயரில் போய்விட்டது. சுவரேறிய இளவரசன் வெகுநாள் வராமல் போனதற்கு அந்தத் தம்பியின் வெற்றிக்கும் பங்கு இருக்கும் என்பது என் சந்தேகம்.

2008 ஆட்டத்தில் விழுந்தால் கூட வரும் எலிகா கைபிடித்துத் தூக்கிவிடுவாள், சாவே கிடையாது. ரொம்ப எளிது என்று அப்போது திட்டினார்கள். களைத்த நாளில் ஆட இதுதான் சரி. ஆனால் கதையைத் தொடரும் 'எபிலாக்' என்ற கூடுதல் பகுதி கணினிக்கு வரவேயில்லை, அது வேண்டுமென்றால் பழைய பிளேஸ்டேஷன் 3 அல்லது எக்ஸ்பாக்ஸ் 360 தேட வேண்டும்.

கடைசியாக 2024 ஜனவரியில் வந்த 'தி லாஸ்ட் கிரவுன்'. மீண்டும் பக்கவாட்டு ஆட்டம், நாயகன் சார்கோன், இளவரசன் அல்ல. இலவச டெமோ இருக்கிறது, முதலில் அதைப் போட்டுப் பாருங்கள். பேச்சைப் பாரசீகத்துக்கு மாற்றிவிட்டு ஆடுங்கள், ஆட்டமே வேறாகிவிடும். இதில் வழி தவறுவதுதான் பெரிய தொல்லை, அதற்காகவே நினைவுத்துண்டு என்று ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். போக முடியாத இடத்தில் பொத்தானை அழுத்தினால் அந்தக் காட்சியின் படம் வரைபடத்தில் ஒட்டிக்கொள்ளும். கஞ்சத்தனம் பார்க்காமல் ஒட்டுங்கள். அதே ஆண்டு மே மாதம் முன்னோட்டமாக வந்து 2025 ஆகஸ்டில் முழுமையடைந்த 'தி ரோக் பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' செத்துச் செத்து மறுபடி தொடங்கும் வகை, அது பிடித்தவர்களுக்கு மட்டும்.

2003 ஆட்டத்தின் மறுஉருவாக்கம் வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். 2020-ல் அறிவித்தார்கள், புனே, மும்பை கிளைகள் செய்துகொண்டிருந்தன, 2022-ல் வேலை மொன்ட்ரியாலுக்கு மாறியது, 2026 ஜனவரியில் மொத்தமாகக் கைவிட்டுவிட்டார்கள். பழையது தள்ளுபடி நாட்களில் ஒரு பிரியாணி விலைக்குக் கீழேயே கிடைக்கும், சுமாரான மடிக்கணினியிலும் ஓடும்.