கியர் லீவரைக் கொஞ்சம் குட்டையாக்கலாம்

மேனுவல் காரில் கியர் மாற்றக் கை ரொம்ப தூரம் போக வேண்டியிருக்கிறதா? கை நகரும் தூரத்தைக் குறைக்கும் ஷார்ட் ஷிஃப்டர் கிட்டுக்குச் செலவழிக்கும் முன், லீவரின் மேல் முனையைக் கொஞ்சம் வெட்டிப் பார்க்கலாம். அடியில் லீவர் திரும்பும் பந்து மூட்டிலிருந்து நாப் (கைப்பிடிக் குமிழ்) வரை 20 செ.மீ. என்று வையுங்கள். 4 செ.மீ. குறைத்தால் கை நகரும் தூரம் 20 சதவீதம் குறையும், ஆனால் தள்ளும் விசை 25 சதவீதம் கூடும். அதனால் முதலில் 2 செ.மீ. போதும்.

நாபைக் கழற்றி மரை அளவைப் பாருங்கள். மாஸ்டா எம்எக்ஸ்-5இல் எம்10×1.25 (விட்டம் 10 மி.மீ., மரை இடைவெளி 1.25 மி.மீ.), ஹோண்டாக்களில் பெரும்பாலும் எம்10×1.5. முக்கியமான விஷயம்: வெட்டுவதற்கு முன்பே, இருக்கும் மரையைப் பிடித்தே டையை (கம்பியில் மரை வெட்டும் கருவி) கீழே இறக்கிவிடுங்கள். அப்போதுதான் புது மரை நேராக வரும். அப்புறம் டைக்கு மேலே ஹேக்ஸாவால் வெட்டி, அரம் போட்டு, டையைத் திருப்பி எடுத்தால் முனையும் சுத்தமாகிவிடும். கம்பி கீழே தடிமனாகப் போனால் டை இறங்காது, லேத் கடைதான்.

ரிவர்ஸுக்கு வளையத்தைத் தூக்கும் மாடல் என்றால் வெட்டவே வேண்டாம். லீவர் தொளதொளவென்று ஆடினால் முதலில் லீவரின் அடியில் இருக்கும் புஷ்ஷை (மூட்டைப் பிடித்திருக்கும் சிறு வளையம்) மாற்றுங்கள். அந்த ஆட்டம் வெட்டினாலும் போகாது.