பேரப்பிள்ளைகள் லீவுக்கு வரும்போது தறியை எப்படிச் சமாளிப்பது

முழுப்பரீட்சை முடிந்த கையோடு பெட்டியைக் கட்டிக்கொண்டு பிள்ளைகள் வந்து இறங்கிவிடுவார்கள். வைகாசி முகூர்த்தத்துக்குச் சேலையை நெய்து முடித்துத் தறியிலிருந்து எப்போது அறுப்பீர்கள் என்று முதலாளி வீட்டிலிருந்து போன் மேல் போன் வருவதும் அதே சமயத்தில்தான். தறியில் உட்கார்ந்தால் பிள்ளைகள் முகம் வாடுகிறது, பிள்ளைகளோடு உட்கார்ந்தால் தறி நிற்கிறது. இந்த இழுபறியில் இருக்கிற நெசவு வீட்டுப் பாட்டிகளுக்கும் தாத்தாக்களுக்கும்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்குத் திருபுவனம். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகிற சாலையில் இருக்கிற ஊர். நானும் வீட்டுக்காரரும், தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்கிற குழித்தறியில் பட்டு நெய்ய ஆரம்பித்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மகள் வயிற்றுப் பேரனும் பேத்தியும் சென்னையில், மகன் வயிற்றுப் பேத்தி திருப்பூரில். மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ் இருப்பது வருஷத்தில் இந்த மே மாதம் மட்டும்தான். முதல் இரண்டு வருஷம் எந்தத் திட்டமும் இல்லாமல், வருகிறபடி வரட்டும் என்று இருந்துவிட்டேன். திரும்பிப் போகிற அன்று பஸ் ஸ்டாண்டில் சின்னவள், "அம்மாச்சி, நீ தறியை விட்டு எந்திரிக்கவே இல்லையே" என்றாள். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம்தான் ஒரு ஒழுங்குக்கு வந்தேன்.

முதல் விஷயம், லீவுக்கு நாள் குறிக்கும்போது காலண்டரை மட்டும் பார்க்காதீர்கள், தறியில் நீளவாக்கில் கட்டியிருக்கிற நூலை, அதாவது பாவைப் பாருங்கள். எனக்கு வருகிற பாவில் மூன்று சேலை. ஒரு சேலைக்குப் பத்து நாள் என்று வைத்தால் ஒரு பாவு முடிய ஒரு மாதம். பிள்ளைகள் மே 1 வாக்கில் வருகிறார்கள் என்றால் ஏப்ரல் 25-க்குள் கடைசிச் சேலையை அறுத்துவிட வேண்டும், அதற்கு மார்ச் 20 வாக்கிலேயே புதுப் பாவு பிணைத்திருக்க வேண்டும். கணக்குப்படி ஐந்தாறு நாள் மிச்சம் இருக்கிறதே என்று தோன்றும். அந்த நாட்களைத் தொடாதீர்கள். ஒரு கல்யாணம், ஒரு காய்ச்சல், பங்குனி உத்திரம் என்று ஏதாவது ஒன்று வந்து அதைத் தின்றுவிடும்.

பிள்ளைகள் வீட்டில் இருக்கும்போது பாவு பிணைக்கிற வேலையை மட்டும் வைத்துக்கொள்ளவே கூடாது. ஆயிரக்கணக்கான இழை, பழைய இழையோடு புது இழையை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும், நடுவில் "பசிக்குது" என்று ஒரு குரல் வந்து நாம் தலையைத் திருப்பினால் வரிசை மாறிவிடும். மாறியது அப்போது தெரியாது. நெய்ய ஆரம்பித்த பிறகு துணியில் தெரியும்.

எல்லா வருஷமும் கணக்கு சரியாக அமையாது. பாவு பாதியில் நிற்கிறது, பிள்ளைகள் வந்துவிட்டார்கள் என்றால், தறி எந்த இடத்தில் நிற்கிறது என்பதுதான் முக்கியம். முந்தியில் நிற்கக் கூடாது. கரைக்கு வேறு நிறம் சேர்க்கிற கோர்வைச் சேலையாக இருந்தால் கேட்கவே வேண்டாம், இரண்டு பேர் உட்கார்ந்து கவனம் சிதறாமல் செய்கிற வேலை அது. உடல் பகுதியில், அதுவும் புட்டா என்கிற சின்னப் பூ வேலை ஒரு வரிசை முடிந்த இடத்தில் நிறுத்திக்கொண்டால் தினமும் இரண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுந்தாலும் வேலை கெடாது.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. நெசவை நிறுத்திவிட்டு நாலைந்து நாள் கழித்துத் தொடர்ந்தால் நிறுத்திய இடத்தில் குறுக்கே மெல்லிசாக ஒரு கோடு விழும். பாவு அத்தனை நாளும் விறைப்பாக இழுபட்டுக் கிடப்பதும், திரும்ப இழுத்துக் கட்டும்போது பழைய விறைப்பு அப்படியே வராததும்தான் காரணம். அதனால் ஊருக்குக் கிளம்புகிறோம், இரண்டு மூன்று நாள் தறியைத் தொடமாட்டோம் என்றால், முதல் நாள் ராத்திரியே பாவைக் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள். வந்ததும் ஒரேயடியாக இழுக்காமல் மெல்ல மெல்ல இழுத்து, ஏற்கெனவே நெய்த துணியையும் பாவையும் விரலால் தட்டிப் பார்த்து, பழைய விறைப்பு வந்துவிட்டது என்று கைக்குத் தெரிந்த பிறகு, குறுக்கு நூலை ஓட்டுகிற நாடாவை எடுங்கள். நிறுத்துகிற இடம் டிசைன் மாறுகிற இடமாக இருந்தால் அப்படியே கோடு விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

முதலாளியிடமோ நெசவாளர் சங்கத்திலோ சொல்ல வேண்டியதைப் பாவு வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். "மே மாதம் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள், அந்த மாதம் ஒரு சேலைதான் தருவேன்" என்று மார்ச்சில் சொன்னால் அவர்கள் அந்த முகூர்த்தச் சேலையை வேறு தறிக்குக் கொடுத்துவிடுவார்கள். மே 10-ஆம் தேதி சொன்னால் அது சண்டைதான். ஒரு வருஷம் சொல்லத் தயங்கி, ஒப்புக்கொண்ட தேதி தவறிப் போய், அடுத்த இரண்டு மாதம் எனக்குப் பாவே வரவில்லை. கேட்டு வாங்குவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

சரி, இனி நேரம். நான் நெய்வது விடியற்காலை நாலரையிலிருந்து எட்டரை வரை. அவ்வளவுதான். பிள்ளைகள் எழுந்திருக்க எட்டாகிவிடும். அந்த நாலு மணி நேரத்தில் போன் கிடையாது, அடுப்பும் கிடையாது, இட்லிமாவு முந்தின நாளே ஆட்டிவைத்தாகிவிடும். விடியற்காலை நமக்கு மட்டும் அல்ல, நூலுக்கும் நல்லது. அக்கினி நட்சத்திரத்தில் பகல் பதினொரு மணிக்கு மேல் காற்று காய்ந்துபோய், இழை பொசுக்கு பொசுக்கென்று அறும். காலையில் குழியின் ஈரம் இருக்கும்போது அதே பாவு பேசாமல் ஓடும். தரையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டு உட்கார்ந்தால் இன்னும் நல்லது. ஒரே சிக்கல் சத்தம். பிள்ளைகளைத் தறிக்கூடத்திலோ அதை ஒட்டிய அறையிலோ படுக்க வைத்தால் டிசைனுக்கு இழை தூக்குகிற ஜக்கார்டின் முதல் சத்தத்துக்கே எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள், அப்புறம் நாலு மணி நேரம் அரை மணி நேரமாகிவிடும். நாங்கள் மாடியில் படுக்க வைக்கிறோம், தாத்தாவும் அங்கேயே படுத்துக்கொள்வார். மே மாத வெக்கைக்கு மாடிதான் சுகமும்.

மத்தியானம் அவர்கள் படுத்திருக்கும்போது நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழலில் நூல் சுற்றுவது, அதாவது தார் சுற்றுவது, நாளைக்கு வேண்டிய ஊடை, அதாவது குறுக்கு நூல் எடுத்து வைப்பது மாதிரி உதிரி வேலைகளைப் பாருங்கள், கூப்பிட்டால் உடனே எழுந்து போகிற வேலைகள் அவை. மூன்று மணிக்கு மேல் தறிப்பக்கம் போகவே போகாதீர்கள். "இன்னும் ரெண்டு அங்குலம், இதோ வர்றேன்" என்று ஒரு தடவை சொன்னால் பிள்ளை காத்திருக்கும். மூன்றாவது தடவை கூப்பிடாது. அது கூப்பிடாமல் விடுவதுதான் நமக்குப் பெரிய நஷ்டம். நாலரைக்கு எழுந்திருக்க வேண்டுமானால் ராத்திரி ஒன்பதரைக்குப் படுக்க வேண்டும், பிள்ளைகளோடு சேர்ந்தே படுத்துவிடுங்கள், கதை சொல்லிக்கொண்டே தூங்கிப்போகலாம்.

பிள்ளைகள் வருவதற்கு முந்தின நாள் தறியைப் பத்திரப்படுத்துங்கள். குழிக்கு மேல் கனமான பலகை, காலால் தள்ளினால் நகராத மாதிரி. தொங்குகிற ஜக்கார்டு அட்டைகளைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் சேர்த்துக் கட்டிவிடுங்கள், ஒரு அட்டை கிழிந்தாலும் டிசைன் போய்விடும். நெய்த துணி மேலும் பாவு மேலும் சுத்தமான பழைய வேட்டி ஒன்றை விரித்து ஓரத்தைச் செருகுங்கள். மாம்பழம் தின்ற கையும் முறுக்கு தின்ற கையும் பட்டில் பட்டால் கறை போகாது. கத்தரிக்கோல், பிளேடு எல்லாம் அலமாரிக்குள், பூட்டோடு.

கத்தரிக்கோலை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், மூன்று வருஷத்துக்கு முன் அடுப்பை அணைக்க எழுந்து போன இரண்டு நிமிஷத்தில் திருப்பூர்க்காரி, அப்போது அவளுக்கு ஐந்து வயசு, பாவில் நாற்பது இழை போல வெட்டிவிட்டாள். நான் துணி மேல் நீட்டிக்கொண்டிருக்கிற நூல் நுனியை வெட்டுவதைப் பார்த்திருக்கிறாள். எனக்கு உதவி செய்கிறோம் என்று நினைத்துத்தான் செய்தாள். நான் திரும்பி வந்தபோது வெட்டிய இழைகள் இரண்டு பக்கமும் சுருண்டு தொங்க, அவள் கத்தரிக்கோலைக் கையில் பிடித்துக்கொண்டு "அப்பாயி, நானே பண்ணிட்டேன்" என்று சிரித்துக்கொண்டு நிற்கிறாள். ஒவ்வொரு இழைக்கும் அதே நிறத்தில் துண்டு இழை முடிந்து, இழைகள் நுழைந்து போகிற விழுதிலும் அச்சிலும் அதன் கண் எது என்று பார்த்துக் கோத்து முடிக்க ராத்திரி பன்னிரண்டு ஆகிவிட்டது. அவளைத் திட்டவில்லை. கத்தரிக்கோலை வெளியில் வைத்தது நான்.

அதற்காகத் தறிப்பக்கமே வரக் கூடாது என்று விரட்டாதீர்கள். நம் வேலை என்ன என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். ஆனால் தறி வேலையை அவர்கள் தலையில் கட்டவும் கூடாது, லீவுக்கு வந்த பிள்ளை விளையாட வந்திருக்கிறது. நான் செய்வது அட்டைத் தறி. கனமான அட்டை ஒன்றை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, மேலும் கீழும் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு வெட்டு போட்டு, தடிமனான பருத்தி நூலை மேலும் கீழுமாக இழுத்துக் கட்டினால் பாவு ரெடி. ஊடைக்கு மிச்சமான கலர் நூல் அல்லது கம்பளி நூல். பட்டு வேண்டாம், சின்னக் கைக்கு வழுக்கும். ஒரு இழைக்கு மேலே, அடுத்த இழைக்குக் கீழே, திரும்பி வரும்போது முன்பு மேலே போனதற்குக் கீழே. இரண்டு வரிசைக்கு ஒரு தடவை பழைய சீப்பால் தட்டச் சொல்லுங்கள். எல்லாப் பிள்ளைகளும் செய்கிற ஒரே தப்பு நூலை இறுக்கி இழுப்பது, நாலு விரல் நெய்வதற்குள் துணி நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கிவிடும். ஊடையை நேராக விடாமல் கொஞ்சம் வில் மாதிரி வளைத்துப் போட்டுத் தட்டினால் ஓரம் நேராக நிற்கும். இதைக் காட்டினால் ஏழு வயசுப் பிள்ளைக்கே பிடிபடுகிறது. புத்தகத்தில் வைக்கிற அடையாளப் பட்டை ஒன்று இரண்டு நாளில் முடித்துவிடுவார்கள்.

சேலை அறுக்கிற நாள் அவர்கள் இருக்கும்போது அமைந்தால் கூப்பிட்டு உட்கார வையுங்கள். திருபுவனம் பட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, எங்கள் சேலைக்கு விசிறி மடிப்பு என்று தனி மடிப்பு உண்டு. மடித்த சேலையைப் பிரித்தால் விசிறி மாதிரி விரியும். பேரன் அதை ஏழெட்டுத் தடவை விரித்துக் காட்டச் சொன்னான்.

வெளியே கூட்டிப்போவதற்கு இரண்டு முழு நாள் ஒதுக்குங்கள், அந்த இரண்டு நாளும் காலை நெசவு கூட வேண்டாம். ஒரு நாள் தாராசுரம். வெயில் ஏறுவதற்கு முன் போய்விட்டால் ஐராவதேசுவரர் கோயிலை நிதானமாகப் பார்க்கலாம், ஒரே தலையில் யானையும் காளையும் தெரிகிற சிற்பத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லிவிட்டால் அரை மணி நேரம் போவதே தெரியாது. கல்லில் ஓடுகிற கொடிகளைக் காட்டி, இதுதான் அம்மாச்சி சேலைக் கரையில் வருகிறது என்று சொன்னால் கண் விரியும். இன்னொரு நாள் கல்லணை. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12, அதனால் மே மாதத்தில் காவிரி பெரும்பாலும் மணலாகத்தான் கிடக்கும். தண்ணீர் பார்க்க ஆசைப்படுகிற பிள்ளைகளை ஆடிப்பெருக்குக்குத் திரும்ப வரச் சொல்லுங்கள். ஆடியில் முகூர்த்தம் இல்லை, முதலாளியின் அவசரமும் குறைவாக இருக்கும்.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். மூன்று சேலை நெய்கிற மாதத்தில் ஒன்று நெய்தால் இரண்டு சேலைக் கூலி போயிற்று, செலவோ இரண்டு மடங்கு. நான் தை மாதத்திலிருந்து அறுக்கிற ஒவ்வொரு சேலைக் கூலியிலும் ஒரு பங்கைத் தபால் ஆபீஸில் போட்டுவிடுகிறேன். முன்பணம் வாங்கிப் பிள்ளைகளுக்குச் செலவு பண்ணாதீர்கள், அந்தக் கடன் அடுத்த லீவு வரைக்கும் தறியோடு நம்மைக் கட்டிப்போடும். கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தை 2023-இல் 300 ஆக்கினார்கள், ஆனால் பகல் முழுக்க ஃபேனும் டிவியும் ஓடுகிற மே மாதத்தில் அதையும் தாண்டும், அதற்கும் கொஞ்சம் எடுத்து வையுங்கள்.

அவர்கள் போன மறுநாள் காலையில் தறிக்கூடம் அமைதியாக இருக்கும், உடனே நாடாவை எடுக்கத் தோன்றும். முதலில் தார்க் கூடையைப் பாருங்கள். பிள்ளைகள் ஆசைக்குச் சுற்றிய தார் ஒன்றிரண்டு அதில் கலந்திருக்கும். தளர்வாகச் சுற்றிய தாரை நாடாவில் போட்டால் நூல் மொத்தமாகச் சரிந்து சிக்கிக்கொள்ளும். பிள்ளை சுற்றுகிற தாருக்கு அன்றைக்கே ஒரு கலர் நூல் முடிச்சுப் போட்டு வைத்துவிட்டால் பிரித்தெடுப்பது சுலபம். பிரித்துத் திரும்பச் சுற்றுங்கள், நூல் வீணாகாது. சென்னைப் பேத்தி சுற்றிய ஒரு தாரை மட்டும் நான் பிரிக்கவில்லை, சாமி மாடத்தில் இருக்கிறது.

அப்புறம், அரையாண்டு லீவு டிசம்பர் கடைசியில் வரும். அதற்கு இதே கணக்கு உதவாது. ஐப்பசி கார்த்திகை மழையில் குழிக்குள் ஈரம் அளவுக்கு மீறி ஊறி, பாவு வழக்கத்தைவிட மெதுவாகத்தான் ஓடும், அதனால் ஒரு சேலைக்குப் பத்து நாள் என்பதைப் பதின்மூன்றாக வைத்து எண்ணிக்கொள்ளுங்கள்.